மீன் மணக்கும் வீட்டில் சைவ விருந்து: முதல் முறை சமைப்பவர்களுக்கு

நாங்கள் தூத்துக்குடிக்காரர்கள். வாரத்தில் நான்கு நாள் மீன், ஞாயிறு கறி, செவ்வாயும் வெள்ளியும் சைவம் என்று ஓடுகிற வீடு. சில வருஷங்களுக்கு முன்னால் என் மகனோடு படித்த பையனின் குடும்பம் மதுரையிலிருந்து திருச்செந்தூர் கோயிலுக்குப் போகும் வழியில் எங்கள் வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். பையன், அப்பா, அம்மா, பாட்டி. நாலு பேரும் சைவம்.

இரண்டு நாள் யோசித்து, காளான் பிரியாணி, மீல்மேக்கர் 65, காலிஃபிளவர் சில்லி, பேக்கரியில் வாங்கிய மக்ரூன் என்று ஆசை ஆசையாகச் செய்து வைத்தேன். பாட்டி இலையைப் பார்த்துவிட்டு, தயிர்சாதம் மட்டும் போதும் என்றார். ஒரு வாய் வைத்தவர் அதையும் ஓரமாக ஒதுக்கிவிட்டார். முந்தின நாள் இரவு முழுக்க அந்தத் தயிர், மசாலா தடவி வைத்த சாளை மீனுக்குப் பக்கத்தில் ஃப்ரிட்ஜில் இருந்தது. கடைசியில் இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, "ரொம்ப திருப்தியா இருந்துச்சும்மா" என்று சொல்லிக் கிளம்பினார். எழுபது தாண்டிய அந்தப் பாட்டி பசியோடு போனது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

அடுத்த வருஷம் அவர்கள் மறுபடி வந்தார்கள். இந்த முறை பாட்டி இரண்டாம் முறை சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இரண்டுக்கும் நடுவில் நான் கேட்டும் விசாரித்தும் தெரிந்துகொண்டதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். விருந்தாளி ஒவ்வொரு பதார்த்தத்தையும் "இதில் என்ன சேர்த்திருக்கு?" என்று கேட்காமல், கவலை இல்லாமல் கை வைக்க வேண்டும். எல்லாப் படிகளும் அதற்காகத்தான்.

1. ஒரு வாரம் முன்னால்: போன் செய்து கேளுங்கள்

"அவங்க சைவம்" என்பதோடு நின்றுவிடாதீர்கள். நான் செய்த முதல் தவறே அதுதான். சைவம் என்ற ஒரே சொல்லுக்குள் பல வழக்கங்கள் இருக்கின்றன. போனில் இந்த ஐந்தையும் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்:

- முட்டை சேர்ப்பீர்களா? (கேக்கில் இருந்தால் பரவாயில்லை என்பவர்களும் உண்டு, அதுவும் கூடாது என்பவர்களும் உண்டு.)
- வெங்காயம், பூண்டு சேர்க்கலாமா?
- அன்றைக்கு விரதம் ஏதாவது உண்டா?
- காளான், முருங்கை, கத்தரிக்காய் மாதிரி ஒதுக்குகிற காய் ஏதும் இருக்கிறதா?
- எங்கள் வீட்டில் மீன், கறி சமைப்போம். பாத்திரம் தனியாக வைக்க வேண்டுமா?

கடைசிக் கேள்வியைக் கேட்கத்தான் நமக்கு வாய் வராது. கேட்டே ஆக வேண்டும். நான் பையனின் அம்மாவிடம் இப்படிக் கேட்டேன்: "அக்கா, எங்க வீட்ல மீன் புழங்குற பாத்திரம்தான். உங்களுக்குன்னு தனியா எடுத்து வைக்கிறேன். வேற ஏதாச்சும் பாத்துக்கணுமா, தயங்காம சொல்லுங்க." அந்தப் பக்கம் அவர் மூச்சு விட்டது எனக்கே கேட்டது. அவரும் இதை எப்படிச் சொல்வது என்று தவித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

சிலர், "தப்பா நினைக்காதீங்க, அம்மா அசைவம் சமைக்கிற அடுப்படியில சாப்பிட மாட்டாங்க" என்று சொல்லலாம். மனசு சுருங்கத்தான் செய்யும். ஆனாலும் வற்புறுத்தாதீர்கள். இளநீர், உரிக்காத பழம், அவர்கள் ஏற்றுக்கொள்வதாக இருந்தால் புதுப் பாத்திரத்தில் காய்ச்சிய பால், இவை போதும். அல்லது சுத்த சைவ உணவகத்திலிருந்து சாப்பாடு வாங்கி, கடையின் பெயரையும் சொல்லி, இலையில் பரிமாறலாம். எது செய்தாலும் மறைத்துச் செய்யாதீர்கள். "அவங்களுக்குத் தெரியவா போகுது" என்று ஒரு கரண்டியை மாற்றிப் போடுவதுகூட, நம்பி வந்தவருக்குச் செய்கிற துரோகம்.

விரதக் கேள்வியும் முக்கியம். திருச்செந்தூருக்குப் போகிறவர்கள் ஐப்பசியில் கந்த சஷ்டி ஆறு நாளும் விரதம் இருப்பதுண்டு. ஏகாதசி அன்று அரிசிச் சோறு தொடாதவர்கள் இருக்கிறார்கள். மற்ற நாளில் வெங்காயம் சாப்பிடுகிறவர்கள்கூட அமாவாசை, திதி நாட்களில் தொட மாட்டார்கள். நாள்காட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பேசுங்கள்.

வருபவர்கள் ஜைனர்கள் என்றால் கணக்கே வேறு. மண்ணுக்கு அடியில் விளையும் கிழங்கு, வேர் எதையும் சேர்க்க மாட்டார்கள். உருளைக்கிழங்கு, வெங்காயம், பூண்டு, கேரட், முள்ளங்கி, பீட்ரூட், பச்சை இஞ்சி எல்லாம் போய்விடும். காய்ந்த சுக்கும் மஞ்சள் தூளும் பலருக்குச் சம்மதம். தேன், காளான் வேண்டாம். பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடாதவர்கள் நிறையப் பேர், ஆகவே இரவு விருந்துக்கு அழைக்காதீர்கள். கடுமையாகக் கடைப்பிடிப்பவர்கள் முதல் நாள் சமைத்ததையும், இரவு புளிக்க வைத்த மாவையும் தொட மாட்டார்கள். மழைக்கால நான்கு மாதங்களில் கீரையை விட்டுவிடுபவர்களும் உண்டு.

பால், தயிர், நெய்கூட வேண்டாம் என்கிற இளைஞர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். அவர்களுக்குத் தேங்காய்ப்பால் சமையல் கைகொடுக்கும். தாளிப்பில் நெய்யைத் தவிர்த்தால் போதும்.

நாளைத் தேர்வு செய்யும் வாய்ப்பு உங்களிடம் இருந்தால், உங்கள் வீட்டில் வழக்கமாகச் சைவமாக இருக்கும் நாளையோ அதற்கு மறுநாளையோ சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அது வெள்ளி, சனி. ஞாயிறுக்கு மறுநாள் அழைத்தால் கறி வாடையோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

2. மெனு: கறியைப் போல் எதையும் செய்யாதீர்கள்

அசைவ வீட்டுக்காரர்கள் எல்லாரும் விழுகிற குழி இது. கறி இல்லையே, வெறும் காய்தானே என்ற குறை நம் மனசில் இருக்கும். அதை ஈடுகட்ட மீல்மேக்கர், காளான், மசாலா தடவிய வறுவல் என்று போவோம். இஞ்சி பூண்டு விழுது, சோம்பு, பட்டை, கிராம்பு எல்லாம் தாராளமாக விழும். நமக்கு மணக்கும். ஆனால் பிறந்ததிலிருந்து சைவம் சாப்பிடுகிற பெரியவர்கள் பலருக்குச் சோம்பும் பட்டையும் சேர்ந்து வதங்கினாலே அது கறிக்குழம்பு வாடை. மீல்மேக்கர் பல்லில் படுகிற விதமே சிலருக்குக் குமட்டும். பாட்டி என் பிரியாணியை ஒதுக்கியது ருசியால் இல்லை. அது கறி மாதிரி இருந்ததால்.

அப்புறம் என்ன சமைப்பது? உங்கள் வீட்டு அமாவாசைச் சமையலை நினைத்துப் பாருங்கள். புரட்டாசி சனிக்கு உங்கள் அம்மா என்ன செய்வார்? சாம்பார், ரசம், அவியல், வாழைக்காய்ப் பொரியல், பருப்பு வடை, பாயசம். பழகிய கை, பழகிய ருசி. புதிதாக எதையும் இணையத்தில் தேட வேண்டாம். பனீர் பட்டர் மசாலாவை அன்றைக்குத்தான் முதல் முறையாகச் செய்து பார்க்கவும் வேண்டாம்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தேங்காய்ப்பாலில் காய் வேகவைத்துச் செய்கிற சொதி இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கம் கல்யாணம் முடிந்த மறுவீட்டுச் சாப்பாட்டில் மாப்பிள்ளைக்குப் போடுகிற பதார்த்தம், முழுக்கச் சைவம், மரியாதையான விருந்து. நான் இரண்டாம் முறை செய்தது அதைத்தான். சொதி, இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு காரக்கறி, பீன்ஸ் பொரியல், ரசம், அப்பளம், தயிர், பாசிப்பருப்புப் பாயசம். இவ்வளவே. பதினைந்து வகை வைத்துக் களைத்துப் போவதைவிட, எட்டு வகையைச் சூடாக வைப்பது மேல்.

எட்டுப் பேருக்குச் சொதி அளவு: நடுத்தரத் தேங்காய் 3, பாசிப்பருப்பு 100 கிராம், முருங்கைக்காய் 3, உருளைக்கிழங்கு 3, கேரட் 2, பீன்ஸ் 100 கிராம், சின்ன வெங்காயம் 20, பூண்டு 15 பல், பச்சை மிளகாய் 8, ஒரு விரல் நீள இஞ்சி, எலுமிச்சை 2. தேங்காயை அரைத்து, திக்கான முதல் பால் இரண்டு டம்ளர் தனியாக எடுத்துவிடுங்கள். இரண்டாம், மூன்றாம் பாலில் கீறிய மிளகாயும் காய்களும் வேகட்டும். வெந்து மசித்த பருப்பையும் இஞ்சிச் சாறையும் சேர்த்து ஒரு கொதி. பிறகு தீயை முழுக்கக் குறைத்து முதல் பாலை ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும். கொதித்தால் திரிந்துவிடும். எலுமிச்சையை இறக்கிக் கொஞ்சம் ஆறிய பிறகுதான் பிழிய வேண்டும்.

வெங்காயம் பூண்டு கூடாது என்றால் இரண்டையும் விட்டுவிட்டு இஞ்சியைக் கொஞ்சம் கூட்டுங்கள், சீரகத்தைத் தாராளமாகத் தாளியுங்கள். குறை தெரியாது. ஜைனர்களுக்கு உருளை, கேரட், இஞ்சி இல்லாமல் பீன்ஸ், பச்சைப் பட்டாணி, சௌசௌ போட்டு, இஞ்சிக்குப் பதில் ஒரு சிட்டிகை சுக்குப் பொடி. துவையலையும் காரக்கறியையும் மாற்ற வேண்டும். தேங்காய்த் துவையலும் வாழைக்காய் வறுவலும் சரியாக இருக்கும்.

மற்ற அளவுகள்: அரிசி 1 கிலோ, ரசத்துக்குத் தக்காளி 4, எலுமிச்சை அளவு புளி, பீன்ஸ் பொரியலுக்கு 1 கிலோ, தயிருக்கு ஒன்றரை லிட்டர் பால், அப்பளம் 20, பாயசத்துக்குப் பாசிப்பருப்பு 200 கிராமும் வெல்லம் 300 கிராமும். பாயசத்தில் வெல்லப்பாகு சூடாக இருக்கும்போது பால் ஊற்றினால் திரியும். ஆறவிட்டு ஊற்றுங்கள்.

3. வெளியில் வாங்குவதைத் திருப்பிப் பாருங்கள்

பாக்கெட்டில் வருகிற எதிலும் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் சைவம். சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் இருந்தால் அசைவம். முன்பு அசைவத்துக்கும் வட்டம்தான், நிறம் மட்டும் பழுப்பு. நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்காக இப்போது முக்கோணம் ஆக்கியிருக்கிறார்கள். முட்டை சேர்ந்திருந்தால் அதற்கும் பழுப்புக் குறிதான்.

ஆனால் குறியை மட்டும் நம்ப முடியாத இடங்கள் இருக்கின்றன. பேக்கரியில் எடை போட்டு விற்கிற எதற்கும் குறி இருக்காது. எங்கள் ஊர் மக்ரூன் முந்திரியும் சர்க்கரையும் மட்டும் இல்லை, முட்டையின் வெள்ளைக் கருவை அடித்துச் செய்வது. ஊர்ப் பெருமை என்று எடுத்து நீட்டியது எவ்வளவு பெரிய தப்பு என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது. வெஜ் பஃப்ஸின் மேல் பளபளப்புக்கு முட்டை தடவும் பேக்கரிகள் உண்டு. பரோட்டா மாவில் முட்டை ஊற்றிப் பிசையும் கடைகள் உண்டு. கேட்காமல் வாங்காதீர்கள். இனிப்பு வேண்டும் என்றால் கோவில்பட்டிக் கடலைமிட்டாய், திருநெல்வேலி அல்வா, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா, எதுவும் பயமில்லை. பால் சேர்க்காதவர்களுக்குக் கடலைமிட்டாய்.

நூடுல்ஸ், மயோனைஸ் வாங்கினால் முட்டை இல்லாததா என்று பாருங்கள். ஜெல்லி, மார்ஷ்மெல்லோ மாதிரிக் குழந்தைகள் தின்பண்டங்களில் ஜெலட்டின் இருக்கலாம். அது விலங்கின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது. சீன, தாய்லாந்துச் சமையலுக்கு வாங்கும் சாஸ், விழுதுகளில் மீனும் இறாலும் கலந்திருப்பது சாதாரணம். அந்தச் சமையலையே அன்றைக்குத் தவிர்த்துவிடலாம் என்பது என் கருத்து.

இன்னொன்று. சிக்கன் மசாலா பாக்கெட்டில்கூடப் பச்சைக் குறி இருக்கும், உள்ளே இருப்பது மிளகாயும் மல்லியும் சோம்பும்தான். சட்டப்படி சரி. ஆனாலும் கோழிப் படம் போட்ட பாக்கெட்டை அடுப்பு மேடையில் வைக்காதீர்கள். பார்ப்பவருக்கு ஒரு நொடியில் சாப்பாட்டு ஆசை போய்விடும்.

4. பாத்திரம்: எதைக் கழுவினால் போகும், எதை மாற்ற வேண்டும்

எவர்சில்வரும் கண்ணாடியும் நன்றாகத் தேய்த்தால் சுத்தமாகிவிடும். புளியும் உப்பும் போட்டுத் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, வெயிலில் காய வையுங்கள். மீன் வாடைக்குக் காரணம் அமிலத்துக்கு எதிர்க் குணம் உள்ள அமீன் என்கிற பொருள். புளிப்பு அதைக் கட்டிவிடும். மீன் சட்டிக்கு நம் பாட்டிமார் புளி போட்டதும் இதனால்தான்.

கழுவினாலும் போகாதவை இவை: மண்சட்டி, மரக்கரண்டி, மரத்தாலான வெட்டும் பலகை, ஆம்லெட் போட்டுப் பழகிய இரும்பு தோசைக்கல், மீன் பொரிக்கிற இரும்புச் சட்டி, கீறல் விழுந்த நான்ஸ்டிக். இவை உறிஞ்சுகிற பொருட்கள். அன்றைக்குத் தொடவே வேண்டாம், எடுத்துப் பரணில் வைத்துவிடுங்கள்.

யாரும் நினைத்துப் பார்க்காத இரண்டு: குக்கர் மூடியில் இருக்கும் ரப்பர் வளையம், மிக்ஸி ஜார் மூடியில் இருக்கும் ரப்பர். கறி வேகவைத்த குக்கரைப் பளபளவென்று தேய்த்திருப்போம், வளையத்தை முகர்ந்து பாருங்கள், தெரியும். அந்த வாடை அப்படியே பருப்பில் ஏறும். புது வளையம் ஒன்று வாங்கிச் சைவத்துக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். தேங்காய்ப்பால் வாடையைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும் என்பதால், சொதி வைப்பவர்களுக்கு ஜார் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். தனி ஜார் வாங்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் ஒரு கைப்பிடி பச்சரிசியும் எலுமிச்சைத் தோலும் போட்டு இரண்டு தடவை ஓட்டிக் கழுவுங்கள்.

நான் வாங்கியது: ஒரு வாணலி, இரண்டு கரண்டி, ஒரு ஜல்லிக்கரண்டி, பிளாஸ்டிக் வெட்டும் பலகை, சின்னக் கத்தி, குக்கர் வளையம், தேங்காய்ப்பால் பிழிய வெள்ளைத் துணி, பாத்திரம் தேய்க்கப் புது நார். எல்லாம் சேர்த்து 2,000 ரூபாய்க்குள் முடிந்தது. நாரை மறந்துவிடாதீர்கள். மீன் சட்டி தேய்த்த நாரால் புதுப் பாத்திரத்தைத் தேய்த்தால் மற்ற எல்லாச் செலவும் வீண்.

பாத்திரத்தோடு சேர்த்து அஞ்சறைப் பெட்டியையும் பாருங்கள். மீன் கழுவிய கையோடு மஞ்சள் தூளை எடுத்திருப்போம், உப்பு ஜாடியில் கை விட்டிருப்போம். 50 கிராம் மஞ்சள், 100 கிராம் மிளகாய்த் தூள், ஒரு பாக்கெட் உப்பு, கடுகு, பெருங்காயம் புதிதாக வாங்குங்கள். எண்ணெயும் அப்படித்தான். மீன் பொரித்த எண்ணெயை வடிகட்டி வைக்கிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதில் அப்பளம் பொரித்தால் முதல் கடியிலேயே தெரிந்துவிடும்.

5. மூன்று நாள் முன்னால்: ஃப்ரிட்ஜ்

விருந்துக்கு மூன்று நாள் முன்பே மீன், கறி வாங்குவதை நிறுத்துங்கள். ஃப்ரீசரில் இருப்பதைச் சமைத்து முடியுங்கள், அல்லது பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள். கருவாட்டு டப்பாவை மொட்டை மாடிக்கோ வேறு அறைக்கோ அனுப்புங்கள். கதவுத் தட்டில் இருக்கும் முட்டையையும் எடுத்துவிடுங்கள். விருந்தாளி வீட்டுக் குழந்தை தண்ணீர் எடுக்கத் திறக்கிற இடம் அது.

தட்டுகளைக் கழற்றி, எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் துடையுங்கள். கதவின் ரப்பர் மடிப்புக்குள் பழைய துணியை விட்டுத் துடைக்க வேண்டும், வாடை தங்குவது அங்கேதான். ஒரு கிண்ணத்தில் சமையல் சோடாவைத் திறந்து இரண்டு நாள் உள்ளே வையுங்கள்.

இவ்வளவு செய்தாலும் தயிரை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டாம் என்பேன். எங்கள் ஊர் வெக்கைக்குக் காலை 6 மணிக்கு வெதுவெதுப்பான பாலில் உறை ஊற்றினால் மதியம் சாப்பாட்டு நேரத்துக்குப் புளிக்காத தயிர் தயார். உங்கள் ஊர் குளிர்ச்சியாக இருந்தால் முதல் நாள் இரவே ஊற்றுங்கள். உறை மோரைப் பால்காரரிடமோ சைவ வீட்டிலோ வாங்குங்கள், பழைய ஃப்ரிட்ஜ் தயிரிலிருந்து எடுக்காதீர்கள்.

பாத்திரம் கழுவும் தொட்டியில் புளித்தண்ணீர் ஊற்றி, குப்பைக் கூடையை மாற்றி, ஜன்னலைத் திறந்து விட்டால் போதும். ஊதுபத்தியும் ரூம் ஸ்ப்ரேயும் அடித்து மறைக்கப் பார்க்காதீர்கள். இரண்டு வாடையும் கலந்து இன்னும் மோசமாகும்.

6. முதல் நாளும் அன்றைய காலையும்

முதல் நாள் மாலை காய், தேங்காய், இலை வாங்கிவிடுங்கள். முகூர்த்த நாள் என்றால் தலைவாழை இலை விலை ஏறிவிடும், காலையில் போனால் கிழிந்த இலைதான் மிஞ்சும். எட்டுப் பேருக்குப் பத்து இலை வாங்குங்கள். தட்டுப் பிரச்சினையே இலையால் தீர்ந்துவிடுகிறது என்பதால் அந்தக் காசைப் பார்க்காதீர்கள். காய், பலசரக்கு, பால், இலை எல்லாம் சேர்த்து எங்களுக்கு 1,500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாய்க்குள் ஆனது. தேங்காய் விலை ஏறியிருக்கும் சமயத்தில் கொஞ்சம் கூடும்.

மதியம் 1 மணிக்குச் சாப்பாடு என்றால் என் கணக்கு இது:

காலை 6: தயிருக்கு உறை. பிறகு குளித்துவிட்டு அடுப்பு மூட்டுங்கள். பெரியவர்கள் இதைக் கவனிப்பார்கள், நமக்கும் மனசு தெளிவாக இருக்கும்.
8: காய் நறுக்குவது, தேங்காய் துருவுவது. இந்த வேலைக்குத்தான் நேரம் பிடிக்கும், இன்னொரு ஆள் இருந்தால் நல்லது.
10: பாயசம், துவையல். இரண்டும் ஆறினாலும் கெடாது.
11: ரசம், காரக்கறி, பொரியல்.
11.45: தேங்காய்ப்பால் எடுத்துச் சொதிக்குக் காய் வேகப் போடுவது. முன்கூட்டியே பால் எடுத்து வெக்கையில் வைத்தால் புளித்துவிடும்.
12.30: சாதம், சொதிக்கு முதல் பால்.
12.50: அப்பளம்.

உப்பு பார்க்கும்போது கரண்டியை வாயில் வைத்துவிட்டுத் திரும்பக் குழம்பில் விடாதீர்கள். சைவ வீடுகளில் எச்சில் ரொம்பப் பார்ப்பார்கள். தனி ஸ்பூனால் எடுத்து உள்ளங்கையில் ஊற்றிப் பாருங்கள்.

அன்றைக்கு வீடு முழுக்கச் சைவம்தான். "பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு முட்டை அவிச்சுடலாமா" என்ற எண்ணமே வேண்டாம். அசைவம் சாப்பிடுகிற விருந்தாளிகளும் கலந்து வருகிறார்கள், அவர்களுக்குத் தனியாக ஏதாவது செய்யலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. செய்யாதீர்கள். மீன் சாப்பிடுகிறவரால் ஒரு வேளை சொதி சாப்பிட முடியும். சைவக்காரரால் மீன் வாடைக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிட முடியாது. பக்கத்து வீட்டில் கருவாடு வறுக்கிற பழக்கம் இருந்தால் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அன்றைக்கு ஜன்னலைச் சாத்தி உதவினார்.

7. பரிமாறும்போது

இலையின் நுனி சாப்பிடுகிறவரின் இடது கைப்பக்கம் வர வேண்டும். வந்தவர்கள் உட்காரும் முன்பே, கேட்காமலே, நீங்களாகச் சொல்லிவிடுங்கள்: "எல்லாம் தனிப் பாத்திரத்துல செஞ்சது. எண்ணெய் புதுசு. வெங்காயம் பூண்டு சொதியில மட்டும் இருக்கு, மத்ததுல இல்ல." இரண்டு வரி போதும். அதற்குமேல் பட்ட சிரமத்தையெல்லாம் விவரித்தால் அவர்களுக்குச் சங்கடமாகிவிடும்.

சாப்பிடும்போது மீன் பேச்சும் வேண்டாம். "இதுலயே ஒரு துண்டு வாவல் மீன் போட்டா எப்படி இருக்கும் தெரியுமா" என்று என் வீட்டுக்காரர் முதல் முறை அன்பாகத்தான் சொன்னார். அதன் பிறகு அந்தப் பந்தியில் யாரும் பேசவில்லை. வீட்டு ஆட்களிடமும் குழந்தைகளிடமும் இதை முன்னாலேயே சொல்லி வைக்க வேண்டும். "எப்படித்தான் இதை மட்டும் சாப்பிட்டு இருக்கீங்களோ" என்கிற பரிதாபமும் கூடாது.

யாராவது ஒரு பதார்த்தத்தை ஒதுக்கினால் ஏன் என்று துருவாதீர்கள். அவர்கள் விரும்பிச் சாப்பிடுவதை இன்னும் கொஞ்சம் வையுங்கள்.

8. வழிக்குக் கட்டிக் கொடுப்பதென்றால்

பயணம் போகிறவர்களுக்குப் புளியோதரை நல்லது, இரவு வரை தாங்கும். சொதியைக் கட்டிக் கொடுக்காதீர்கள், தேங்காய்ப்பால் மூன்று நான்கு மணி நேரத்தில் மாறிவிடும். நம் பழைய பிளாஸ்டிக் டப்பாவில் கொடுக்க வேண்டாம், மீன் குழம்பு இருந்த டப்பாவில் எத்தனை கழுவினாலும் வாடை இருக்கும். வாழை இலையில் வைத்துச் செய்தித்தாள் சுற்றிக் கட்டுங்கள். பாட்டிக்கு நான் இரண்டு பொட்டலம் புளியோதரையும் அரைக் கிலோ கடலைமிட்டாயும் கட்டிக் கொடுத்தேன்.

அவர்கள் கிளம்பியதும் புது வாணலி, கரண்டி, பலகை, குக்கர் வளையம், ஜார் எல்லாவற்றையும் கழுவி, ஈரம் போகத் துடைத்து, ஒரு துணிப்பையில் போட்டுக் கட்டி, "சைவம்" என்று மேலே எழுதிப் பரணில் வைத்துவிடுங்கள். அன்று இரவே அந்த வாணலியில் மகனுக்கு ஆம்லெட் போட்டுவிட்டால் அடுத்த தடவை மறுபடி கடைக்குப் போக வேண்டியதுதான்.